பிழையும் சிரிப்பும்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பழைய சாமான்களுக்குப் பேர்போன தெரு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பாகப் பிரிவினையில் இடிபடும்போதும், பராமரிக்க ஆளில்லாமல் விலைபோகும்போதும், அவற்றின் வயிற்றில் இருந்த பொருள்களெல்லாம் கடைசியில் இந்தத் தெருவுக்குத்தான் வந்து சேருகின்றன. பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவிவர்மா படங்கள், ஸ்வீடன் தேசத்து எனாமல் பாத்திரங்கள் எல்லாம் கடைகளுக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

சென்ற வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், உறவினர் வீட்டுக்கு ஒரு பழைய குத்துவிளக்கு வாங்குவதற்காக அந்தத் தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ஒரு மரத்தூணைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பிரெஞ்சு தேசத்தவர் என்பது பிறகு தெரிந்தது. அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் ‘எச்’ என்ற எழுத்து அவர் வாயில் நுழையவே இல்லை. “ஆண்ட் மேட்?” என்று கேட்டார். கையால் செய்ததா என்று கேட்கிறார்.

கடைக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. “எஸ் மேடம், ஹேண்ட் மேட். ஹண்ட்ரட் இயர் ஓல்டு. பர்மா வுட். நோ இன்செக்ட்” என்றார்.

அந்த அம்மாள் தூணின் உச்சியில் போதிகையிலிருந்து தொங்கிய செதுக்கலைக் காட்டி, இது என்ன என்று என்னிடம் கேட்டார். நான் இங்கிலீஷ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன். பதில் எனக்குத் தெரியும். வாழைப்பூ. ஆனால் நம் நாட்டுத் தச்சர்கள் அதை அங்கே செதுக்குவது சம்பிரதாயம் என்பதையும் சேர்த்து ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. ‘ஏ’ போடுவதா, ‘தி’ போடுவதா, வினையை எந்தக் காலத்தில் நிறுத்துவது என்று நான் மனத்துக்குள் தச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது, கடைக்காரர் முந்திக்கொண்டார்.

“பனானா பிளவர், மேடம். ஈட்டிங் ஆல்சோ.”

அந்த அம்மாளுக்குப் பரம சந்தோஷம். தூண் விலைபோய்விட்டது.

அவர் போன பிறகு கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்து என் பெயரைச் சொன்னார். எனக்கும் அப்போதுதான் முகம் பிடிபட்டது. நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நானும் அவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். முகம் தெரிந்த அதே கணத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கல்லூரி வேறு ஊரில் இருந்தது. அங்கே வாரத்துக்கு ஒருமுறை இங்கிலீஷில் சொற்போர் நடக்கும். ஒரு வாரம், வியாபாரத்தில் நேர்மை சாத்தியமா என்பது விஷயம். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த இந்த மனிதர், அப்போது ஒல்லியான பையன், மேடை ஏறினார். அவருடைய வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டிப் படித்தவர் வேறு யாரும் கிடையாது. நேர்மையைக் குறிக்கும் இங்கிலீஷ்ச் சொல்லை அவர் ‘எச்’சை நன்றாக அழுத்தி, ‘ஹானஸ்டி’ என்று சொன்னார். நான் சிரித்தேன். முதலில் சிரித்தவன் நான்தான். பிறகு மண்டபமே சிரித்தது. அவர் இரண்டாம் முறை அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது நிறுத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் நின்றார். இறங்கிவிட்டார்.

அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று நான் பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேடிக்கையான எதையும் கேட்டதால் வந்த சிரிப்பு இல்லை அது. அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று எனக்குத் தெரியும் என்பதை என் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு அறிவிப்பதற்காக நான் எழுப்பிய ஓசை. அந்த உச்சரிப்பை நானே ஆறு மாதத்துக்கு முன்னால்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

அவர் செய்த குற்றம்தான் என்ன? எழுதியிருந்ததைப் படித்தார். அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அப்படி வந்து குடியேறிய சொற்கள் ஏராளம். பிரெஞ்சுக்காரர் ‘எச்’சை உச்சரிப்பதில்லை. எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓசையை விட்டுவிட்டார்கள். ஓட்டலைக் குறிக்கும் சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். ஆனால் அதில் ‘எச்’ ஒலிக்க வேண்டுமாம். மூலிகையைக் குறிக்கும் சொல்லை இங்கிலாந்துக்காரர் ‘ஹெர்ப்’ என்பார், அமெரிக்கர் ‘எர்ப்’ என்பார். இதில் தர்க்கமும் இல்லை, தர்மமும் இல்லை. பழக்கம் ஒன்றுதான் இருக்கிறது. பழக்கம் இல்லாதவனைப் பார்த்துப் பழக்கம் உள்ளவன் சிரிக்கிறான். சமூகத்தில் நடக்கும் பல சிரிப்புகளின் கதை இவ்வளவுதான்.

கடையில் காப்பி வரவழைத்தார். நான் மெல்ல அந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

“ஞாபகம் இல்லாம இருக்குமா? நீங்க மட்டுமா சிரிச்சீங்க, ஹாலே சிரிச்சுச்சே” என்றார். கோபமே இல்லை. பிறகு வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார்: “மறு வருஷம் பாங்கு வேலைக்கு எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன். மெட்ராஸிலே இன்டர்வியூ. ஸ்டேஷன் வரைக்கும் போனேன். இங்கிலீஷிலே கேட்பாங்களேன்னு நினைச்சேன். கால் திரும்பிருச்சு. வீட்டுக்கு வந்து, ரயில் போயிருச்சப்பான்னு சொல்லிட்டேன்.”

நான் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு மண்டபத்தில் ஒரு விநாடி வந்துபோன சிரிப்பு ஒரு மனிதனை ரயில் நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பும் என்று நான் நினைத்ததில்லை. என் சிரிப்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லுவதும் ஒருவகைக் கர்வம். ஆனால் அதில் எனக்குப் பங்கு உண்டு.

அன்று இரவு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்நிய மொழியைத் தப்பாகப் பேசுவது வெட்கப்பட வேண்டிய காரியமா? வெட்கம் என்று ஒன்று இருந்தால் அது யாரைச் சேர வேண்டும், பேசியவனையா, கேட்டவனையா?

இந்தக் கேள்விக்குச் செட்டிநாட்டு மண்ணிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. எங்கள் தெருவில், நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு வயதான செட்டியார் இருந்தார். பர்மா ஐயா என்று கூப்பிடுவோம். பதினோரு வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர். அந்த நாளில் அது சாதாரணம். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பர்மாவில் மட்டும் நகரத்தார் கடைகள் 1,600-க்கு மேல் இருந்தன. முதலாளி ஊரில் இருப்பார். ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர் என்று ஒரு சிறு குடும்பமே அங்கே போய்த் தொழில் நடத்தும். ஏஜெண்டுக்குத் தவணை மூன்று வருஷம். கணக்கெல்லாம் தமிழில்தான். ஆனால் கடன் வாங்க வருகிறவன் பர்மியக் குடியானவன். அவனோடு பேசாமல் தொழில் நடக்காது. அந்தத் தொழிலின் நன்மை தீமை வேறு விஷயம். இங்கே நான் சொல்ல வந்தது மொழியைப் பற்றி. இலக்கணப் புத்தகமோ வாத்தியாரோ இல்லாமல், மீசை முளைக்காத பையன்கள் பர்மிய பாஷையைக் கடைவாசலிலேயே கற்றுக்கொண்டார்கள்.

எப்படிக் கற்றீர்கள் என்று பர்மா ஐயாவை ஒரு தடவை கேட்டேன். “அரிசிக்கு ஸன்னும்பான். உப்புக்கு ஸாம்பான். போன புதுசிலே அரிசி வாங்கப் போயி உப்பு வாங்கிட்டு வந்தேன். சமையல்காரர் வஞ்சாரு. அதுக்கப்புறம் ரெண்டும் மறக்கவே இல்லையப்பா” என்றார். கடைக்காரி சிரிக்கவில்லையா என்று கேட்டேன். “சிரிச்சா. நானும் சிரிச்சேன்” என்றார்.

இதே பர்மா ஐயா வீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு தந்தியோ கடிதமோ வந்துவிட்டால், மனிதர் ஒடுங்கிப் போவார். என் தகப்பனாரிடம் எடுத்துக்கொண்டு வந்து, “எனக்கு இங்கிலீஷ் வராதப்பா” என்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரைப் போலச் சொல்வார். கொஞ்சம் இங்கிலீஷ் அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். பர்மிய பாஷையில் அத்தனை துணிச்சலாக இருந்தவர் இதில் ஏன் இப்படி என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. “பர்மா பாஷையிலே தப்புப் பண்ணினா காசு போகும். இங்கிலீஷிலே தப்புப் பண்ணினா மானமில்லப்பா போகுது?”

நம் நாட்டில் இங்கிலீஷ் பேசுவதில் உள்ள கஷ்டம் முழுவதையும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பர்மிய பாஷை அவருக்குக் கருவி. தராசைப்போல, பெட்டிச் சாவியைப்போல. கை தவறினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இங்கிலீஷை மட்டும் நாம் கருவியாக வைக்கவில்லை. மனிதனை நிறுக்கும் எடைக்கல்லாக வைத்துவிட்டோம். எடைக்கல்லுக்கு முன்னால் யாருக்கும் நாக்கு எழாது.

இதற்கு இன்னொரு சான்று உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் ஊர்க் கடையில் வந்து “வனக்கம், நள்ளா இருக்கா?” என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? பூரித்துப் போகிறோம். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். ணகரமும் லகரமும் அவர் வாயில் படும் பாட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நம் மொழியை மதித்து இரண்டு சொல் கற்றாரே என்ற நன்றிதான் தோன்றுகிறது. அதே கடையில் நம் ஊர்ப் பையன் இங்கிலீஷில் ஒருமை பன்மை தவறினால் சிரிக்கிறோம். நம்முடைய மொழியை ஒருவர் சிதைத்தால் அன்பு வருகிறது. பிறருடைய மொழியை நம்மவர் சிதைத்தால் ஏளனம் வருகிறது. இங்கிலீஷின் மேல் உள்ள பற்றினால் நாம் சிரிக்கவில்லை என்பதற்கு இதுவே போதும். யார் மேலே, யார் கீழே என்ற கணக்குத்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறது.

சிரிப்பவனைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, பயப்படுகிறவனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை எனக்கும் சேர்த்துத்தான். வாழைப்பூ என்று சொல்ல முடியாமல் நான் நின்றேனே, அதற்குக் காரணம் அடக்கமா? அடக்கம் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கர்வம். அந்த அம்மாளுக்கு வேண்டியது பூவின் பெயர். எனக்கு வேண்டியது, நன்றாக இங்கிலீஷ் பேசுகிற மனிதன் என்ற பெயர். கடைக்காரர் அவளைப் பற்றி நினைத்தார். நான் என்னைப் பற்றி நினைத்தேன். ஆகவே அவருக்கு வாய் திறந்தது, எனக்குத் திறக்கவில்லை.

காந்தியடிகளுக்கும் இந்தச் சோதனை வந்திருக்கிறது. லண்டனில் படித்த நாளில், வெள்ளைக்காரக் கனவானைப்போல ஆகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, அழகாகப் பேசுவதற்கென்றே ஒருவரிடம் ஒரு கினி கொடுத்துப் பாடம் கேட்கப் போனார். பாடப் புத்தகம்கூட வாங்கினார். அந்த மோகம் சுமார் மூன்று மாதத்தில் தெளிந்துவிட்டது. மரக்கறி உணவுக்காரர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில், தம் கருத்தை எழுதிக்கொண்டு போயும் எழுந்து படிக்கத் துணிவில்லாமல், வேறொருவர் படிக்கும்படி ஆயிற்று. இதையெல்லாம் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் நாவைத் திறந்தது உச்சரிப்புப் பாடமில்லை. தென்னாப்பிரிக்காவில் தம்மைவிடப் பெரிய ஒரு காரியம் கிடைத்தது. காரியம் பெரிதானபோது கூச்சம் சிறிதாகிவிட்டது.

அப்படியானால் பிழையோடு பேசுவதே போதுமா, திருத்தவே வேண்டாமா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழை பிழைதான். பிழையைப் பெருமையாக்குவது சோம்பேறியின் தத்துவம். திருத்தத்தான் வேண்டும். எப்படித் திருத்துவது என்பதில்தான் தர்மம் இருக்கிறது.

காந்தியடிகளின் அந்தச் சுயசரிதை குஜராத்தியில் 1925 முதல் 1929 வரை வாரா வாரம் வந்தது. 1927 செப்டம்பரில் அவர் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்த நாள்களிலும் அது வந்துகொண்டிருந்தது. மகாதேவ தேசாய் அதை இங்கிலீஷில் பெயர்த்தார். 1940-இல் திருத்திய பதிப்பு வந்தபோது, மொழியைச் சரிபார்த்துக் கொடுத்தவர் மதிப்புக்குரிய ஒரு நண்பர் என்றும், எக்காரணத்தாலும் தம் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த வேலையை ஏற்றார் என்றும் தேசாய் முன்னுரையில் எழுதினார். அந்த நண்பர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பது பின்னால் உலகத்துக்குத் தெரிந்தது. வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரர்களே கொண்டாடிய மனிதர். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929-இல் நிறுவிய பல்கலைக்கழகத்துக்கு 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர்.

நினைத்துப் பாருங்கள். அரசியலில் காந்தியோடு சாஸ்திரியாருக்கு எத்தனையோ கருத்து வேற்றுமை. காந்தியின் புத்தகத்தில் இத்தனை பிழை திருத்தினேன் என்று சபையில் சொல்லிக்கொள்ள எவ்வளவு பெரிய சந்தர்ப்பம்! பிழை ஒன்றுவிடாமல் திருத்தினார். திருத்தியவர் யார் என்பதை மறைத்துக்கொண்டார். நான் கல்லூரி மண்டபத்தில் செய்தது இதற்கு நேர் எதிர். பிழையைத் திருத்தவில்லை, பிழையைக் கண்டுபிடித்தவன் நான் என்பதை மட்டும் அறிவித்தேன்.

காரைக்குடி மண்ணுக்கு இன்னொரு மனிதரும் உண்டு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்து, லண்டன் சென்று சட்டமும் பயின்றவர். தாம் பெற்ற கல்வியை அவர் வாசலில் காவல் நிறுத்தவில்லை. 1947-இல் காரைக்குடியிலேயே கல்லூரி தொடங்கினார். சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் போக வசதியில்லாத கிராமத்துப் பையன்கள் நடந்து வந்து படிக்கும்படி கதவைத் திறந்துவைத்தார். முன்னால் கற்றவனுக்குப் பின்னால் வருகிறவனிடம் ஒரு கடமை உண்டு. கதவைத் திறக்க முடியாவிட்டாலும், கதவருகே நின்று சிரிக்காமலாவது இருக்கலாம்.

கடைக்கார நண்பர் எப்படித்தான் இங்கிலீஷ் பேசக் கற்றார் என்று சொல்லவில்லையே. நானும் கேட்டேன். மேசைக்கடியிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். அன்றன்று வருகிறவர்கள் சொல்லும் புதுச் சொல்லைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டிருந்தார். முதல் பக்கங்களில் ஒற்றைச் சொற்கள். போகப்போக முழு வாக்கியங்கள். வெறும் சொல் வாயில் நிற்காது, வாக்கியமாகப் பிடித்தால்தான் நிற்கும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்.

“ராத்திரி கடை கட்டின பிறகு, இந்தத் தூணுங்களைப் பார்த்துச் சத்தமாப் பேசுவேன். தூணு சிரிக்காது பாருங்க” என்றார். “அப்புறம் வெளிநாட்டுக்காரங்ககிட்டே பேசினேன். அவங்களும் சிரிக்கலே. நம்ம ஆளு யாராச்சும் கடையிலே நின்னா மட்டும் இன்னைக்கும் கொஞ்சம் நாக்கு இழுக்கும்.”

நான் அன்று கடையில் நின்ற நம்ம ஆள். அதையும் மீறித்தான் அவர் வாழைப்பூவை விற்றிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் ஓர் அழகான வாக்கியத்தைத் தேட ஆரம்பித்தேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, “அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “சரி, அதுக்கு ஒண்ணு செய்யுங்க. என் மகள் படிச்சு முடிச்சிருக்கா. எழுத்திலே கெட்டிக்காரி. வாயைத் திறக்கச் சொன்னா நடுங்குறா. ஞாயித்துக்கிழமை வந்து அவ பேசுறதைக் கேளுங்க. தப்பைத் திருத்துங்க. ஆனா அவ பேசி முடிச்ச பிறகு திருத்துங்க” என்றார்.

நம் ஊர் பஸ் நிலையச் சுவர்களில் முப்பது நாளில் இங்கிலீஷ் பேசலாம் என்று விளம்பரம் ஒட்டுகிறார்கள். இப்போது கைப்பேசியிலேயே பாடம் கிடைக்கிறது. அவையெல்லாம் பயன்படத்தான் செய்யும். ஆனால் பேச்சு என்பது காதும் வாயும் சேர்ந்து நடத்தும் காரியம். வாய்க்குப் பாடம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காதுக்குப் பாடம் சொல்ல யாரும் இல்லை. சிரிக்காமல் கேட்கிற ஒரு மனிதர் வீட்டுக்கு ஒருவர் இருந்தால், நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வேறு வாத்தியார் தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் அந்தப் பெண் நான்கு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை. இப்போது அரை மணி நேரம் பேசுகிறாள். நானும் அவளோடு இங்கிலீஷில் பேசுகிறேன். எனக்கும் சில இடங்களில் தட்டுகிறது. சென்ற வாரம் பேச்சின் நடுவே அவள் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தாள். எனக்கு உதட்டோரத்தில் அந்தப் பழைய அரிப்பு எழுந்தது. இத்தனை வயதுக்குப் பிறகும் அது சாகவில்லை. குனிந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். அவள் பேசி முடித்த பிறகு, மற்ற இரண்டு மூன்று சொற்களோடு சேர்த்து அதையும் சொல்லிக்கொடுத்தேன்.

அது என்ன சொல் என்பதை மட்டும் இங்கே எழுதமாட்டேன்.